வட சென்னைப் புழுக்கத்தில் வாழப் பிடிக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிறந்து வளர்ந்தது பழைய வண்ணாரப்பேட்டை, கல்யாணத்துக்குப் பிறகு ராயபுரம். வேலைக்காகவோ பிள்ளைகள் படிப்புக்காகவோ இந்தப் பக்கம் குடி வர நினைக்கிற சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் போன் போட்டால் வாடகைக்கு முன்னால் கேட்பது இந்த வெயிலையும் வேர்வையையும் பற்றித்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

மழுப்பாமல் சொல்லுங்கள், இந்தப் புழுக்கத்தில் வாழ உங்களுக்குப் பிடிச்சிருக்கா?

பிடிச்சிருக்கு. ஆனால் புழுக்கமே பிடிக்கும் என்று சொன்னால் அது பொய். எனக்குப் பிடித்தது காற்று. மே மாசம் பகல் பதினொன்றரை மணிக்கு எங்கள் கூடத்தில் உட்கார்ந்தால் பிடரியில் கிளம்பும் வேர்வை முதுகு வழியாக இறங்கி இடுப்பில் வந்து நிற்கும், துடைத்த துண்டைக் கீழே வைப்பதற்குள் மறுபடியும் கிளம்பும். சுவரில் மாட்டியிருக்கிற தினசரி காலண்டரின் தாள் பசை போட்டு ஒட்டின மாதிரி அசையாமல் கிடக்கும். பன்னிரண்டரை, ஒரு மணி வாக்கில் அந்தத் தாளின் கீழ் முனை மட்டும் ஒரு தடவை எழும்பி விழும். அப்புறம் ஒன்றும் இருக்காது. ரெண்டு நிமிஷம் கழித்து இன்னொரு தடவை. பிறகு படபடவென்று அடிக்க ஆரம்பிக்கும், ஜன்னல் திரை உள்பக்கம் உப்பி வரும், மாமியார் உள்ளே இருந்தே "காத்து வந்துடுச்சும்மா, அந்தக் கதவைத் தொறந்து வை" என்பார். வேர்வை படிந்த முதுகில் அந்த முதல் காற்று படுகிற சுகம் இருக்கிறதே, அதற்கு ஈடாக எந்தக் குளிரூரையும் என்னால் சொல்ல முடியவில்லை.

எங்கள் தெருவில் யாரும் இன்றைக்கு எத்தனை டிகிரி என்று கேட்பதில்லை, "உங்க வீட்டுக்குக் காத்து வருதா?" என்றுதான் கேட்பார்கள். நானும் அந்தக் கட்சிதான். வீட்டுக்குக் காற்று வந்தால் உங்களுக்கு இந்த ஊர் பிடிக்கும், வராவிட்டால் எவ்வளவு வசதி இருந்தாலும் பிடிக்காது.

வேலூரில் 42 டிகிரியைத் தாங்கினேன். இங்கே 36-க்கே உயிர் போகிறதே, ஏன்?

வேர்வை காயாததால். உடம்பு தன்னைக் குளிர வைத்துக்கொள்வது வேர்வை ஊறுவதால் இல்லை, அது ஆவியாகிப் போவதால். ஒரு லிட்டர் வேர்வை முழுசாக ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டு போகும். வேலூரில் காற்று காய்ந்து கிடப்பதால் வேர்ப்பது தெரிவதற்குள்ளேயே உலர்ந்துவிடுகிறது. இங்கே காற்றில் ஏற்கெனவே கடல் ஈரம் ஏறியிருக்கிறது, கூடுதல் ஈரத்துக்கு அதில் இடமில்லை, அதனால் வேர்வை சொட்டிக் கீழே விழுகிறதே தவிர வெப்பத்தை எடுத்துப் போவதில்லை. சட்டை நனைந்ததுதான் மிச்சம்.

இதைக் கணக்கில் வைத்துத்தான் வானிலைத் துறையும் சமவெளி ஊர்களுக்கு 40 டிகிரி என்றால் கடலோர ஊர்களுக்கு 37 டிகிரியிலேயே வெப்ப அலை என்று பார்க்கிறது (வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும் என்பது சேர்ந்த நிபந்தனை). அதனால் "36 தானே, சொகுசு பண்ணாதே" என்று யாராவது சொன்னால் கண்டுகொள்ள வேண்டாம். உங்கள் உடம்பு சரியாகத்தான் சொல்கிறது.

கடல்காற்று தினமும் வருமா? எத்தனை மணிக்கு?

கோடையில் பெரும்பாலான நாள் வரும். காலையிலிருந்து வெயில் பட்டுத் தரை சீக்கிரம் சூடாகிறது, கடல் மெதுவாகத்தான் சூடாகும். தரை மேலிருக்கிற காற்று இளகி மேலே எழும்ப, அந்த இடத்துக்குக் கடல் மேலிருக்கிற குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. கரையோரம் என்பதால் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூருக்கு முதலில், அப்புறம் வியாசர்பாடி, பெரம்பூர் என்று மேற்கே நகர்ந்து போகும். மீனம்பாக்கத்தில் இருக்கிறவர்களுக்கு இன்னும் தாமதம்.

வராத நாள்தான் கஷ்டம். மே கடைசி, ஜூன் மாசங்களில் மேற்கிலிருந்து காற்று பலமாக அடிக்கும். கடலுக்குப் போகிறவர்கள் அதைக் கச்சான் என்பார்கள். நிலப்பரப்பு முழுக்கத் தாண்டி வருகிற அந்த அனல், கடல்காற்றை உள்ளே விடாமல் கரையிலேயே நிறுத்திவிடும். ரெண்டு மணி ஆகும், மூணு மணி ஆகும், காலண்டர் தாள் அசையாது, அன்றைக்குத்தான் 40-ஐத் தாண்டும். சென்னையின் இதுவரையான உச்ச வெப்பம் 45 டிகிரி, 2003 மே 31-ஆம் தேதி. கத்திரி வெயில் மே 28 வாக்கில் முடிந்துவிடும் இல்லையா, அது முடிந்த பிறகு வந்த நாள் அது! கத்திரி போனதும் வெயில் போச்சு என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருவது ஏப்ரல் 24 வாக்கிலேயே. ஆனால் சேர்ந்த சூடும் கச்சானும் ஒன்றுகூடுவது அதற்கு ஒரு மாசம் கழித்து.

கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே, சாயங்காலம் பீச்சில் போய் உட்கார்ந்தால் போதுமே?

இந்தக் கேள்வி வந்தாலே எனக்கு மனசு கனத்துவிடும். எங்களுக்குக் கடல் உண்டு, கடற்கரை இல்லை. வங்கக் கடலோரமாக மணல் வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். 1870-களில் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் எழுப்ப ஆரம்பித்ததும் அந்த மணல் தெற்குப் பக்கம் தேங்கி நின்றது. மெரினா இன்றைக்கு அவ்வளவு அகலமாக இருப்பது அதனால்தான். வடக்கே வரவேண்டிய மணல் வராததால் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் கடல் கரையை அரித்துக்கொண்டே வந்தது, குப்பங்கள் பின்னால் தள்ளிப் போயின, கடைசியில் கருங்கல்லைக் கொட்டி அணை போட்டார்கள். எங்கள் ஆயா சின்ன வயசில் மணலில் உட்கார்ந்து வலை பின்னுவதைப் பார்த்ததாகச் சொல்லும் இடத்தில் இப்போது லாரி போகிற சாலையும் அதற்கு அந்தப் பக்கம் கல்லும்தான்.

இருந்தாலும் உட்காருகிறோம். சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தக் கற்கள் மேல் குடும்பம் குடும்பமாக, சுண்டல் பொட்டலத்தோடு, கைக்குழந்தையோடு ஆட்கள் இருப்பார்கள். தண்ணீர் ஓரக் கல்லில் பாசி இருக்கும், பயங்கரமாக வழுக்கும், பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். காற்று எங்கிருந்து வருகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: மணலிப் பக்கம் தொழிற்சாலை வாடை வருகிற நாளும், கொடுங்கையூர் குப்பை மேடு எரிகிற புகை வருகிற நாளும் உண்டு. அன்றைக்கு ஜன்னலைச் சாத்திப் புழுங்குவதா, திறந்து இருமுவதா என்ற நிலைமை. அதை எங்கள் தலையெழுத்து என்று விடுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. மணல் போனது மாதிரி காற்றும் போய்விட்டால் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு மிச்சம் என்ன இருக்கிறது?

வாடகைக்கு வீடு பார்க்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கிழக்கு, தென்கிழக்குப் பக்கம் ஜன்னல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் அந்தக் காற்று வெளியே போக எதிர்ப்பக்கம் ஒரு வழி இருக்கிறதா என்று பாருங்கள், ஒரே பக்கம் மட்டும் திறந்த வீட்டில் காற்று வாசல் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். பக்கத்துக் காலி மனையையும் பார்க்கணும். பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் அம்மா வீட்டுக்குக் கிழக்கே ஒரு ஓட்டு வீடும் ஒரு முருங்கை மரமும் இருந்த வரைக்கும் பகல் ஒரு மணிக்கு மேல் மின்விசிறியையே போட மாட்டோம். அந்த வீட்டை இடித்து, சுவரோடு சுவர் ஒட்டுகிற மாதிரி நாலு மாடி எழுப்பினார்கள். கட்டினவரிடம் அப்பா போய் கொஞ்சம் இடம் விடுங்கள் என்று கேட்டதற்கு, பட்டா நிலம் என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது. அன்றோடு அந்தக் கூடத்தில் காலண்டர் அசையவில்லை. அம்மா இப்போது பகல் பூராவும் படிக்கட்டில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். அந்தக் கூடத்தில்தான் நாங்கள் மூணு பேரும் பிறந்து வளர்ந்தோம்.

மேல்மாடி வாடகை குறைவாக இருக்கும், காரணம் இருக்கிறது. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் ராத்திரி பூராவும் அந்தச் சூட்டைக் கீழே இறக்கும், சுவரைத் தொட்டாலே சுடும். மேலே தட்டோடு (தட்டையான ஓடு) பதித்திருந்தால் கொஞ்சம் பரவாயில்லை, மொட்டை மாடிக்கு ஏப்ரலிலேயே சுண்ணாம்பு அடித்துவிட்டால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வீடு மட்டும் வேண்டவே வேண்டாம், பகலில் அடுப்பு மாதிரிதான். மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய வீடு, அதாவது மர உத்தரத்துக்கு மேல் சின்னச் சின்னச் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை பூசிய வீடு, கிடைத்தால் விடாதீர்கள். ராயபுரத்திலும் தங்கசாலைப் பக்கத்திலும் இன்னும் சில இருக்கின்றன. கூரை உயரம், தளம் கனம், உள்ளே நுழைந்ததுமே வித்தியாசம் தெரியும்.

ஏசி இல்லாமல் முடியுமா? ஏர் கூலர் வாங்கலாமா?

ஏர் கூலர் வாங்காதீர்கள். அது தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கிற சாமான், வேலூர், சேலத்துக்குச் சரி. இங்கே ஏற்கெனவே ஈரமான காற்றில் இன்னும் ஈரத்தைச் சேர்த்து அறையைப் பிசுபிசுவென்று ஆக்கிவிடும்.

ஏசி வீட்டில் வயசானவர்களோ கைக்குழந்தையோ இருந்தால் தேவை, இதில் வறட்டு கௌரவம் வேண்டாம். ஒரு டன் ஏசி என்றால், ஏறக்குறைய ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ அவ்வளவை இழுப்பது என்று அர்த்தம். காசிமேட்டில் மீனுக்குப் போடுகிற பார் ஐஸைப் பார்த்தவர்களுக்கு அந்த அளவு புரியும். இங்கே அந்தச் சக்தியில் ஒரு நல்ல பங்கு காற்றிலிருக்கிற தண்ணீரைப் பிழிந்தெடுக்கவே செலவாகும், ஏசியின் தண்ணீர் வெளியேறும் குழாய்க்குக் கீழே பக்கெட் வைத்துப் பாருங்கள், ஒரே ராத்திரியில் எவ்வளவு சேர்கிறது என்று. அதனால் 26-இல் வைத்து மின்விசிறியும் போட்டுக்கொண்டால் போதும், 18-இல் வைத்துப் போர்வை போர்த்துவதற்குக் காசுதான் கேடு. உப்புக் காற்றில் வெளி யூனிட் சீக்கிரம் அரித்துப்போகும், செம்புச் சுருள் (காப்பர் காயில்) உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். பழைய மின்விசிறி 75 வாட் என்றால் புது பிஎல்டிசி (பிரஷ் இல்லாத மோட்டார்) ரகம் 30 வாட் சுற்று வட்டாரத்தில் ஓடும். நாள் பூராவும் சுற்றுகிற ஊரில் அந்த வித்தியாசம் கரன்ட் பில்லில் நன்றாகத் தெரியும்.

வீட்டுச் சாமான்கள் கெட்டுப்போகுமா?

போகும். கல் உப்பு ஜாடிக்கும் வேர்க்கும். காலையில் மூடியைத் திறந்தால் மேல் அடுக்கு மினுமினுவென்று நனைந்திருக்கும், அடியில் அரை விரல் தண்ணீர். தூள் உப்பில் நாலு அரிசி போட்டு வைக்கிறோம். அப்பளம் பொரித்துப் பத்து நிமிஷம் வெளியே வைத்தால் நமுத்துவிடும், தீப்பெட்டி உரசினால் மருந்து உதிரும், தோல் செருப்பில் பூஞ்சை பிடிக்கும். இரும்பு கிரிலுக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவையாவது பெயின்ட் அடித்தாக வேண்டும். பழகிவிடும்.

கோடையில் என்ன சாப்பிடுவீர்கள்?

காலையில் பழைய சோறு, இல்லாவிட்டால் கேழ்வரகுக் கூழ். முந்தின நாளே மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, மறுநாள் நொய்யோடு சேர்த்துக் காய்ச்சி ஆற வைத்த கூழில் மோரும் சின்ன வெங்காயமும் போட்டுக் கரைத்து, தொட்டுக்கொள்ள மோர் மிளகாயோ சுட்ட கருவாடோ வைத்துக் குடித்துவிட்டு வெளியே போனால் மதியம் வரைக்கும் தாங்கும். வேர்வையில் போகிற தண்ணீரும் உப்பும் ஒரே சொம்பில் திரும்ப வருகிறது. ஆடியில் எங்கள் பக்கத்தில் தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள், அன்றைக்கு யாரும் வீட்டில் அடுப்பு மூட்ட வேண்டியதே இல்லை. நுங்கு, தர்பூசணி, நன்னாரி சர்பத் எல்லாம் உங்களுக்கே தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், மீன் விலை ஏறியிருக்கும். அதனால் மார்ச்சிலேயே கருவாடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வேர்க்குரு, மயக்கம் இதற்கெல்லாம்?

வேர்க்குருவுக்கு ரெண்டு வேளை குளியலும் பருத்தித் துணியும் போதும், பவுடரை அப்பினால் துவாரம் இன்னும் அடைபடும். படர்தாமரை வந்தால் மெடிக்கலில் கேட்டு ஏதோ ஒரு கிரீம் தடவாமல் டாக்டரைப் பாருங்கள்.

மயக்கத்தில் கவனம் வேண்டும். களைப்பு, தலைசுற்றல் வரைக்கும் நிழலும் உப்பு சர்க்கரைக் கரைசலும் போதும்: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, எல்லாம் தலை தட்டி. ஆனால் ஆள் உளற ஆரம்பித்தாலோ, உடம்பு கொதித்தாலோ, நினைவு தப்பினாலோ அது வெப்பத் தாக்கு. உடனே 108-க்குப் போன் பண்ணிவிட்டு, நிழலில் படுக்க வைத்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, புரையேறிவிடும்.

வெயிலில் நின்று பிழைக்கிறவர்களுக்கும் இந்த ஊர் பிடிக்குமா?

இந்த இடமே வெயிலால் பிழைத்ததுதான். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் துணி ஏற்றுமதி செய்த காலத்தில் அந்தத் துணியை வெளுக்கிறவர்களைக் குடி வைத்த இடம் வண்ணாரப்பேட்டை. துணி வெளுக்க வெயில் வேண்டும், கருவாடு காய வெயில் வேண்டும், உப்பளத்துக்கும் வெயில்தான் வேண்டும்.

அதற்காக அவர்களுக்கு வெயில் பிடிக்கும் என்று நான் சொல்லிவிட முடியாது. எங்கள் தெருமுனையில் மீன் விற்கிற அக்கா ஈரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு மணி வரைக்கும் உட்கார்ந்திருப்பார். "பிடிக்குதாக்கா இந்த ஊரு?" என்று ஒரு நாள் கேட்டேன். "நாலு மணிக்கு மேல கேளு கண்ணு" என்றார். பகல் பன்னிரண்டிலிருந்து மூணு வரைக்கும் நிழலில் ஒதுங்க முடிகிறவர்களுக்கும் முடியாதவர்களுக்கும் இது ஒரே ஊர் இல்லை. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைகளில் நாள் பூராவும் நின்றுகொண்டே வேலை பார்க்கிற பெண்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் சட்டம் வந்தது, 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அரசு அறிவித்தது, ரெண்டும் நல்ல காரியம். கடைக்குப் போகும்போது அந்தப் பெண்கள் உண்மையிலேயே உட்கார்ந்திருக்கிறார்களா என்று நான் பார்ப்பேன். நீங்களும் பாருங்கள்.

குளிரான ஊருக்குப் போய்விடலாம் என்று தோன்றியதே இல்லையா?

தங்கை பெங்களூரில் இருக்கிறாள், போய் ஒரு மாசம் இருந்து பார்த்தேன். தூக்கம் நன்றாக வந்தது. ஆனால் ஏழு மணிக்கெல்லாம் எல்லா வீட்டுக் கதவும் சாத்திக் கிடந்தது. இங்கே புழுக்கம் தாங்காமல் எல்லோரும் வாசலுக்கு வந்துவிடுவதால்தான் எதிர் வீட்டு மாமாவுக்குச் சர்க்கரை ஏறியிருப்பதும் மூணாவது வீட்டுப் பெண்ணுக்கு வரன் பார்ப்பதும் நமக்குத் தெரிகிறது. கரன்ட் போன ராத்திரி மொட்டை மாடியில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டு பக்கத்து மாடியோடு பேசுவது எனக்கு வேண்டியிருக்கிறது. அப்புறம் மார்கழி இருக்கிறதே! விடியலில் 20, 21 டிகிரிக்கு இறங்கும், வாடைக் காற்றில் கோலம் போடப் போகும்போது தோளில் துண்டைப் போர்த்திக்கொள்வோம். அந்த நாலு வாரம் வருஷத்துக்கே போதும். மழைக்காலம் வேறு கதை, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எத்தனை வீட்டுக்குள் தண்ணீர் வந்தது என்று கண்ணால் பார்த்திருக்கிறேன், அதை அழகாக எழுத எனக்கு மனசு வராது.

எந்த மாதம் குடி வருவது நல்லது?

எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், வீடு பார்ப்பதை மட்டும் ஏப்ரல், மே மாசத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மார்கழியில் பார்த்தால் எல்லா வீடும் நன்றாகத்தான் இருக்கும். பகல் பன்னிரண்டு மணிக்குப் போய், வீட்டுக்காரரிடம் கேட்டு மின்விசிறியை நிறுத்திவிட்டு, கூடத்தில் ஒரு நாற்காலி போட்டு ரெண்டு மணி வரைக்கும் உட்காருங்கள். கையில் ஒரு காலண்டர் தாளோ நியூஸ் பேப்பரோ கொண்டு போய் ஜன்னல் பக்கம் தொங்க விடுங்கள். அது அசைந்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.